டேங்கு மூடிக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் ஒரு குட்டி லாரி இருந்தது. அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அதில் நான் சந்தனம் பூசாத இடமே இல்லை. டீசலை வழிய வழிய நிரப்பி, டேங்கு மூடியின் மேலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். என் மூஞ்சிக்குப் பவுடர் போடக்கூட நான் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

மறுநாள் முதல் சவாரி. குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போய், ஒரு சமையல்கார பாயையும், தேக்சா என்கிற அவருடைய மூன்று பிரியாணி அண்டாக்களையும் ஏற்றினேன். அதுவரை இன்னொரு சமையல்காரரிடம் கூலிக்கு வேலை பார்த்தவர். சொந்தப் பேரில் பிடித்த முதல் கல்யாணம் அது. ஐயப்பன்தாங்கல் தாண்டி மண்டபம், ஒரு மணிக்குப் பந்தி.

"இன்னிக்குப் பேர் வாங்கிட்டா போதும் அண்ணாத்தே, அப்பால தானா வரும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

காட்டுப்பாக்கத்தில் வண்டி நாலு இருமல் இருமி நின்றது. சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. அப்படியென்றால் பேட்டரி சரி, டீசல்தான் வரவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அறிவு உண்டு. அதற்கு மேலும் இருப்பதாக நினைத்ததுதான் தப்பு.

டேங்குப் பக்கம் நின்ற பாய், "அண்ணாத்தே, இந்த மூடி..." என்று இழுத்தார்.

"நீ சோத்தைப் பாரு பாய்! வண்டிய நான் பாத்துக்கறேன். டேங்கு ஃபுல்லாதான் கீது" என்று எரிந்து விழுந்தேன்.

ஃபில்டரைக் கழற்றி ஊதினேன். குழாயைக் கழற்றி உறிஞ்சி, வாயெல்லாம் டீசல். நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினேன். ஸ்டார்ட் ஆகிப் பத்தடி போய் மறுபடி நின்றது. இந்தக் கூத்திலேயே மணி ஒன்றரை ஆகிவிட்டது. பாய் தேக்சாவைத் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், டேங்கில் கசடு இருக்குமோ என்று மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் டீசல் வெளியே வரும். என் சந்தனம் காய்ந்து அதைச் சிமென்ட் மாதிரி அடைத்திருந்தது.

"எனக்கு அப்பவே டவுட்டு" என்றார் பாய். "எங்க அண்ணன் லாரி ஓட்னவரு. நானே தொடச்சிருப்பேன். உங்க சாமிக்கு வெச்ச பொட்டு, நான் எப்டி கை வெக்கறது?"

"அடப்பாவி மனுஷா! எந்த சாமி பாய் டேங்கு மூடில குந்திகினு கீது?" என்று கத்திக்கொண்டே கட்டைவிரலால் சுரண்டினேன். மறுபடி பம்பு அடித்ததும் வண்டி ஒரே திருகலில் பிடித்தது.

மண்டபத்தில் பிள்ளைகள் பசியில் அழுதுகொண்டிருந்தன. பெண்ணின் அப்பா வாசலிலேயே பாயைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் திட்டித் தீர்த்தார். "வண்டி மக்கர் பண்ணிச்சா?" என்று என் அழுக்குச் சட்டையைப் பார்த்தார்.

"வண்டி மேல தப்பில்லீங்க" என்றார் பாய் அவசரமாக. "நான்தான் பிரியாணிக்கு லேட்டா தம் போட்டேன்."

உண்மை வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

அந்த வீட்டுக்காரர்கள் பாயை அப்புறம் கூப்பிடவே இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள், அடுத்த வாரமே, பெண்ணின் சீர் சாமான்களை ஏற்றிப்போக. வெட்கங்கெட்டவன், போனேன்.