கைலிக்கு அடியில் துடித்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குத் தொடை வழியாகக் குழாய் விட்டு, இதய அடைப்பைப் பலூனால் திறந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்த பிறகு தொடை இடுக்கில் வீக்கம் தெரிந்தது.

"ரத்தக்கட்டுதான். பாக்சிக்கைக் கூப்பிடு, உருவிவிட்டா கரைஞ்சிடும்," என்றார். சுளுக்கோ வீக்கமோ, எங்களுக்கு அந்த மலாய்ப் பெரியவர்தான் வைத்தியர்.

மறுநாள் மதியம் என் கணவர் அசையாமல் தூங்கினார். வீங்கிய இடத்தில் கைலி மட்டும் ஏறி இறங்கியது. மின்விசிறியை நிறுத்தினேன். அப்போதும் ஏறி இறங்கியது.

நான் வாய் திறப்பதற்குள் பாக்சிக் வந்துவிட்டார். எண்ணெய் தடவிய கையை வீக்கத்தில் வைத்தவர், சட்டென எடுத்துக்கொண்டார்.

"உள்ள ஏதோ உயிரோட இருக்கு. நான் தொட மாட்டேன். ஹாஸ்பிடல் போங்க லா," என்றார் மலாயில்.

டாக்சியில் ஓடினோம். ரத்தநாளத்தில் குழாய் நுழைத்த துளை மூடாமல், இதயம் துடிக்கும்போதெல்லாம் ரத்தம் கசிந்து சதைக்குள் பைபோல் கட்டியிருந்தது. அறுவை செய்து துளையைத் தைத்தார்கள்.

"உருவியிருந்தா வெடிச்சிருக்கும் ஆன்டி," என்றார் டாக்டர்.

இப்போது வீட்டில் யாருக்கு வீக்கம் என்றாலும் எண்ணெய்ப் போத்தலை எடுப்பதில்லை, டாக்டரிடம்தான் போகிறோம். என் கணவர் மதியம் கண்ணயர்ந்தால் மட்டும், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.