முள் நகராத மெர்சிடிஸ்

நஸீஹ் தன்னாவிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று திரிப்போலியில் டாக்சி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். தெருவில் அவரை அபூ வலீத் என்பார்கள். அந்த வருடம் கோபத்துக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. லெபனான் முழுக்கப் பெட்ரோல் தட்டுப்பாடு. விடியுமுன்பே பங்க்கில் வரிசை கட்டி, எஞ்சினை அணைத்து, வண்டியைக் கையால் தள்ளித்தான் எல்லோரும் முன்னேறினார்கள்.

அவருடைய பழைய மெர்சிடிஸ் டாக்சியில் பெட்ரோல் முள் வருடக்கணக்காக 'ஃபுல்'லிலேயே நின்றது. ஓடிய தூரத்தை வைத்தே டாங்கில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. ஆனால் டாங்கை நிரப்பி, கேனில் உறிஞ்சி விற்றுவிட்டு மறுபடி வருகிற கூட்டம் பெருகிவிட்டதால், பங்க்கில் இப்போது முள்ளைப் பார்த்துத்தான் போட்டார்கள்.

பங்க் ஆள் ஹுசாம் ஜன்னலில் தலையை நீட்டினான். "டாங்க் ரொம்பி வழியுது. எதுக்குய்யா வந்தே?"

"முள்ளு மாட்டிக்கிச்சுடா. டாங்கத் தெறந்து பாரு!"

"ஒவ்வொருத்தன் டாங்கையும் தெறந்து பாக்கவா என்னை வச்சிருக்காங்க? கேன் வியாபாரி மூஞ்சி. ஓரங்கட்டு."

"திருட்டுப் பய!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு ஃபவ்வாஸ்! வரிசை மொத்தமும் பார்க்க, நஸீஹ் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். ஒரு நாளும் யாரிடமும் கூடுதல் கூலி கேட்டறியாத மனிதருக்குக் காது மடல் வரை எரிந்தது.

காயலான் கடையில் வேறொரு மெர்சிடிஸிலிருந்து கழற்றிய, பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் மிதவைக் குழாயை வாங்கி வந்தார். டிக்கி விரிப்பைத் தூக்கி, டாங்கின் தலையிலிருந்த பழைய குழாயை உருவினார். பெட்ரோலோடு ஏறி இறங்க வேண்டிய மிதவை மேலேயே துருவேறி ஒட்டிக் கிடந்தது. சிகரெட்டும் கையுமாக எட்டிப் பார்த்த ஃபவ்வாஸை, "தள்ளிப் போடா, தெருவையே கொளுத்தப் போறியா!" என்று விரட்டினார். வாங்கி வந்ததை இறக்கி ஒயரை மாட்டியதும், முள் இறங்கிக் காலி என்று காட்டியது.

மறுநாள் ஹுசாம் முள்ளைப் பார்த்தான், பெட்ரோல் போட்டான். வண்டியைக் கிளப்பினால் முள் அசையவே இல்லை. அந்த மிதவையில் ஓட்டை, மூழ்கிப்போயிருந்தது. சாயங்காலம் வீட்டு வாசலில் காயலான் கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே டிக்கியைத் திறந்தபோது ஹுசாம் வந்து நின்றான்.

"அதைத் தொடாதீங்கண்ணே," என்றான் தணிந்த குரலில். "முள்ளு ஏறலைன்னு நானும் பார்த்தேன். எப்பவும் காலின்னே காட்டட்டும். தினம் ரெண்டு தடவை வாங்க, முதலாளி கேட்டா முள்ளக் காட்டிக்கலாம். விக்கிறதுல ஆளுக்குப் பாதி."

நஸீஹுக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்னைக் கேன் வியாபாரின்னு சொன்ன வாயாடா இது? கேளுங்கய்யா! என் வண்டி முள்ளு பொய் காட்டுதாம், அத வச்சு ரெண்டு பேரும் திருடலாமாம்!"

ஹுசாம் நழுவிவிட்டான். மாடியிலிருந்து ஃபவ்வாஸ் குரல் கொடுத்தான்: "கத்தாத அபூ வலீத். எனக்கும் அது மாதிரி ஒண்ணு மாட்டி விடேன்!" பால்கனி பால்கனியாகச் சிரித்தார்கள். அட, வெட்கம் கெட்டவர்களே!

அவர் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார். முள் ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக இறங்கியது. டாங்க் தீர்ந்ததும் மறுபடி வரிசை, மறுபடி தள்ளல். ஹுசாம் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இந்த முள்ளு பொய் சொல்லும்னு ஊருக்கே தெரியும். நீங்கதானே கத்துனீங்க? ஓரங்கட்டுங்க."

நஸீஹ் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி எறிந்து, குழாயை உருவி வெளியே போட்டார். "மானமுள்ளவன் எவனாவது வந்து உள்ளே பாருங்கடா! பாக்காம இந்த வண்டி நகராது!"

ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் அடுத்த வண்டிக்காரன் பல்லைக் கடித்தபடி இறங்கி வந்து, மெர்சிடிஸின் பின்பக்கத்தைப் பிடித்து உலுக்கினான். உள்ளே ஒரு தளும்பலும் கேட்கவில்லை.

"காலிதாண்டா! போட்டுத் தொலை, எங்களுக்கும் வேலை இருக்கு!"

ஹுசாம் வேறு வழியில்லாமல் பெட்ரோல் போட வந்தான். நஸீஹ் குழாயை மாட்டிவிட்டு வரிசையோடு பின்னால் நடந்து, அங்கே காத்திருந்த ஃபவ்வாஸின் வண்டி முன்னால் நின்றார்.

"இப்பச் சொல்லுடா, யாரு திருட்டுப் பய?"

ஃபவ்வாஸ் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.