ரோசியின் அலறல்

காசிமேட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பவள் ரோசி. இருவருக்கும் சர்க்கரை வியாதி. கால் சிவந்து வீங்கி, ஆஸ்பத்திரியிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்தான் கிடைத்தது.

கட்டுப் பிரித்தாலே ரோசி வார்டே அதிர அலறுவாள். நர்ஸ் ஓடிவருவார், மருமகள் விசிறுவாள். சத்தமில்லாமல் கிடந்த என்னை யாரும் சீந்தவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"சார், அவ சும்மா சீன் போட்டுகினு கீறா. எனக்கு நோவே இல்ல," என்றேன் டாக்டரிடம்.

அவர் என் கட்டைவிரலுக்கு அடியிலிருந்து ஒரு மீன் முள்ளை உருவிக் காட்டினார். "இது எப்போம்மா குத்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை.

"அவங்களுக்கு வலி தெரிஞ்சுது, சீக்கிரம் வந்துட்டாங்க. உங்க கால்ல உணர்ச்சியே போயிடுச்சும்மா."

அந்த விரலை எடுத்துவிட்டார்கள். இப்போதும் ரோசி, "ஐயோ, முள்ளு குத்திகிச்சு!" என்று கத்தும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.