பயம் துன்ற புலி

உத்திரமேரூர் பேருந்து நிலையக் கடையில், என் சிறுவயதுக் கதைப்புத்தகத்துப் புலி வாழைப்பழத்தோடு சிரித்தது. அட்டையில் ‘பழம் தின்னும் புலி’ என்றிருந்தது. எனக்கு அது புதுச் செய்தி.

நைனாவின் வாயில் ‘ழ’ வராது. பழம் ‘பயம்’ ஆகிவிடும். இடி இடித்தால் இந்தப் புத்தகத்தை விரித்து, “பயம் துன்ற புலி வந்துக்கீது பாரு” என்பார். ஒழுகும் கூரையடியில், வைக்கோல் வாசனை அடிக்கும் அவர் மடியில் உட்கார்ந்து என் பயத்தை உருட்டி உருட்டி அதற்கு ஊட்டுவேன். அதன் கையிலுள்ள பழம் தொட்டுக்கொள்ள என்று நினைத்திருந்தேன்.

நாளை முதன்முதலாகப் பள்ளிக்குப் போகப்போகும் மகள் புத்தகத்தைத் தொட்டாள்.

“இது இன்னா புலிப்பா?”

“பயம் துன்ற புலி.”

கொஞ்சம் யோசித்தாள்.

“நாளைக்கு இத்த எத்துக்கினு போலாமா?”