சீவரத்தினம் செவிடான கதை

ஏழாலையில் சீவரத்தினம் என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. செவிட்டுச் சீவரத்தினம் என்றால் நாயும் வழி காட்டும். அந்த மனிசனுக்கோ நாலு வளவு தள்ளி மாங்காய் விழுந்தாலும் கேட்கும்.

எழுபத்துமூன்றாம் ஆண்டில் வெங்காயத்துக்கு விலை ஏறியது. அருளம்பலம் முதலாளிக்குத் தலைக்கனம் ஏறியது. பள்ளிக்கூட லீவில் பெடியளைத் தோட்டத்தில் இறக்கி, மேய்ப்பதற்குச் சீவரத்தினத்தை வைத்தார். தகுதி, பெரிய தொண்டை. எந்த வேலையிலும் நிலைக்காத மனிசன். இதுவும் போனால் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாகப் பெண்சாதி நாகேஸ்வரி சொல்லியிருந்தாள்.

பெடியளுக்குத் தலைவன் முதலாளியின் மகன் தியாகலிங்கம். மண்வெட்டியை எந்தப் பக்கத்தால் பிடிப்பதென்று தெரியாத வீரன். அவன் தும்மினால் மற்றவர்கள் மூக்குத் துடைப்பார்கள். இவர்களுக்கு வாய்த்த தீனி மார்க்கண்டு. அவனுக்குத் திக்குவாய்.

கடைசிப் பாத்தியில் தண்ணீர் நிறைந்ததும், அங்கே நிற்பவன் "நிப்பாட்டு" என்று கத்தவேண்டும். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மிசினை நிறுத்துவார்கள். அந்த வேலையைத் தியாகலிங்கம் வேண்டுமென்றே மார்க்கண்டுவிடம் கொடுத்தான்.

"நி... நி... நி..."

"டேய், உவன்ரை மிசின் ஸ்டார்ட் எடுக்குதில்லையடா!"

தண்ணீர் வரம்பு கடக்கும். பிறகு அதற்கும் அவனுக்கே குட்டு. சீவரத்தினம் பனையில் கிளி எண்ணுவார். பெரிய தொண்டை பீடிப் புகைக்கு மட்டும் உதவியது.

ஒருநாள் மார்க்கண்டுவை மடக்கிப் பிடித்து வாய்க்குள் செம்மண்ணை அடைத்தார்கள். அவன் கிணற்றடியில் வாயைக் கழுவினான். சீவரத்தினத்தை ஒருமுறை பார்த்தான். கடைசிப் பாத்திக்கே திரும்பினான்.

சீவரத்தினத்துக்குப் பீடி கசந்தது.

"மார்க்கண்டு, நீ இஞ்சை மிசினடியிலை இரு. தம்பி தியாகு, நீர் போய்க் கடைசிப் பாத்தியிலை நில்லும்."

"நானோ? ஐயாட்டைச் சொல்லுவன்!"

"ஓம், சொல்லும். நல்லாச் சத்தமாச் சொல்லும்."

பாத்தி நிறைந்தது.

"நிப்பாட்டு!"

சீவரத்தினம், எழும்பப் போன மார்க்கண்டுவைக் கையால் இருத்திவிட்டு, புதுப் பீடி பற்றவைத்தார்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை! செவிடோ?"

கிளி எண்ணினார். வரம்பு உடைந்தது. நட்ட வெங்காயம் மிதந்தது. தலைவர் முழங்கால் சேற்றில் நின்று கத்திக் கத்தி, கடைசியில் வெறும் காற்றுத்தான் வந்தது. கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெட்கங்கெட்டதுகள்.

சிரிக்காதவன் மார்க்கண்டு ஒருவன்தான். எழும்பி மிசினை நிறுத்தினான்.

"பா... பாவம் அண்ணை."

சீவரத்தினத்துக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முதலாளி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"மிசினடியிலை ஆர் இருந்தது?"

குரல் செத்த மகன் மார்க்கண்டுவைக் கையால் காட்டினான்.

"நான்தான் இருந்தனான் ஐயா," என்றார் சீவரத்தினம். "எனக்குக் காது கேளாது."

"எப்ப தொடக்கம்?"

"கனகாலமா."

வேலை அன்றைக்கே போனது. நாகேஸ்வரி தாய்வீட்டுக்குப் போகவில்லை. நின்று ஒரு கிழமை, ஏழு நாளும், ஏசினாள். செவிடனை ஏசி என்ன பயன்?

ஊர் இன்றைக்கும் அவருடைய காதடியில் வந்து கத்துகிறது. மார்க்கண்டு மட்டும் மெல்லக் கதைப்பான். அவன் திக்கித் திக்கி முடிக்கும்வரை, செவிடர் பீடியைக்கூடப் பற்றவைக்காமல் காத்திருப்பார்.