தப்பம்மாவும் ஓர் அநாதை விடையும்

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டுவதற்குள், கூட ஏறிய குழந்தையிடமிருந்து நம் அம்மாள் ஒரு தப்பைக் கறந்துவிட்டார்.

"ஒரு கேக்கை ரெண்டு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு துண்டு வரும். அதே கேக்கை நாலு பேருக்குப் பங்கு போட்டாலும் ஆளுக்கு ஒரு துண்டு வரும். எந்தத் துண்டு பெரிசு கண்ணு?"

"நாலு பேருக்குப் போட்டது."

"ஏன்டா?"

"ரெண்டை விட நாலுதானே பெரிசு?"

"அடி என் தங்கமே! தப்பு!" என்று கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். குழந்தையின் அம்மாவுக்கு இது பாராட்டா திட்டா என்று பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிரிப்பைச் சிரித்து வைத்தார். ஐந்தாவது மாடியில் இறங்கி அலுவலகத்துக்குள் போகிறவரை நம் அம்மாள் "ரெண்டை விட நாலு பெரிசு, ரெண்டை விட நாலு பெரிசு" என்று ஜபம் செய்துகொண்டே போனார்.

அலுவலகத்தில் அவருக்குத் தப்பம்மா என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள், அவரும் "என்னப்பா?" என்று திரும்புகிறார். மாநிலத்தில் உள்ள நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை எழுதும் கணக்குத் தேர்வுக்குக் கேள்வி தயாரிக்கும் இடம் அது. ஒரு கேள்விக்கு நாலு விடை. சரியான விடை ஒன்று. அதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். பக்கத்தில் நிற்கும் மூன்று தப்புகளை எழுதத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் இவர்தான்.

"சும்மா வாய்க்கு வந்த நம்பரைப் போடக் கூடாதுப்பா" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். "கழிக்கத் தெரியாத பிள்ளை எங்க போய் விழும், அவசரக்காரப் பிள்ளை எங்க விழும்னு பாத்து அங்க ஒரு விடையை நிறுத்தணும். அப்பதான் வாத்தியாருக்கு எதைத் திருப்பிச் சொல்லித்தரணும்னு தெரியும். எந்தத் தப்பும் அநாதை இல்ல. அதுக்கும் அப்பா அம்மா இருப்பாங்க. அது யாருன்னு தெரியாம எழுதுறவன் எங்கிட்ட வேலை பாக்கவே வேணாம்."

வீட்டிலும் இதே தொழில்தான். "ராத்திரிக்கு என்ன செய்யட்டும்? ரொட்டியா, முட்டையா, மத்தியானம் மீந்ததா, வெளியில சாப்பிடலாமா?" என்று கேட்பார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவர் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "மேற்சொன்ன எதுவும் இல்லை" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனிதர் இந்த ஒரு விடையை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

பள்ளிக்கூடங்களை எடை போடும் விதம் மாறிக்கொண்டே வந்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் படித்த காலத்தில் இன்ஸ்பெக்டர் வருவார். முந்தின நாளே பள்ளிக்கூடம் வெள்ளையடிக்கப்படும், மக்குப் பிள்ளைகளுக்கு லீவு விடப்படும். "எனக்கும் விட்டாங்க. கேள்வி கேக்காத பிள்ளைங்க மட்டும் வந்தாப் போதும்னு நெனச்சிருப்பாங்க" என்பார். பிறகு தேர்ச்சி சதவிகிதம் வந்தது. தேறாது என்று தோன்றிய பிள்ளைகளை முந்தின வருடமே நிறுத்தி வைத்தார்கள். பிறகு பள்ளிக்கூடங்களுக்கு எழுத்து கொடுத்தார்கள், எழுத்துப் போய் நட்சத்திரம் வந்தது, நட்சத்திரம் உதிர்ந்து இப்போது நிறம் வந்திருக்கிறது: பச்சை, மஞ்சள், சிவப்பு. நடுவில் ஒரு வருடம் அம்புக்குறி கூட இருந்தது. மேலே பார்த்தால் நல்லது, கீழே பார்த்தால் கெட்டது. ஏதோ ஓர் ஊரில் கீழே பார்க்கும் அம்பைத் தலைகீழாக மாட்டிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் தப்பம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

நிறம் பள்ளிக்கூடங்களோடு நிற்கவில்லை. புதிதாக வந்த இயக்குநர் இளைஞர், துடியானவர். "எல்லாரையும் அளக்குற நம்மளை யார் அளக்குறது?" என்று கேட்டு, கேள்வி எழுதுகிறவர்கள் அறைக் கதவிலும் அட்டை தொங்கவிட்டார். தேர்வு முடிந்தபின் யாருடைய கேள்வியாவது ரத்தானால் ஒரு வருடத்துக்குச் சிவப்பு; கேள்விக் குழுவின் தலைமைப் பொறுப்பும் கிடையாது. தப்பம்மாவின் கேள்வி ஒன்று கூட இதுவரை ரத்தானதில்லை. அவர் கதவில் பச்சை அட்டை ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், அது இன்னும் கொஞ்சம் ஆடும். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு, மறைப்பானேன்.

இந்த வருடம் அவர் எழுதிய கேள்விகளில் ஒன்று வேன் கேள்வி. வேன் படம் போட்டு, ஜன்னல்களுக்குள் காலி இருக்கைகள் தெரிகிற மாதிரி வரைந்திருந்தார்கள். 'இந்த வேனில் பத்து இருக்கைகள் உள்ளன. முப்பது பேரை ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். வேன் எத்தனை முறை போக வேண்டும்?' கழித்த பிள்ளைக்கு இருபது. கூட்டிய பிள்ளைக்கு நாற்பது. சரியான விடை மூன்று. இன்னும் ஒன்று வேண்டும். அன்றைக்கு அச்சகத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. 'சரி, மூணுக்குப் பக்கத்துல நாலு நிக்கட்டும்' என்று போட்டு அனுப்பிவிட்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அந்த நாலுக்கு மட்டும் அப்பா அம்மா யாரென்று அவருக்கே தெரியாது.

தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கம்ப்யூட்டர் திருத்தியது. திருத்தியதோடு சும்மா இருக்கவில்லை, கோள் சொன்னது. வேன் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வகுப்பே திரண்டு வேன் கேள்விக்கு 'நாலு' என்று போட்டிருக்கிறது. ஒரே தப்பை எல்லோரும் போட்டால் கம்ப்யூட்டருக்கு ஒரே அர்த்தம்தான்: காப்பி. காப்பி என்றால் நேராகச் சிவப்பு. அந்தப் பள்ளிக்கூடம் போன வருடமும் சிவப்பு. இரண்டு வருடம் தொடர்ந்து சிவப்பானால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். லாரிகள் பறக்கிற சாலை அது.

தலைமையாசிரியர் இயக்குநரின் அறைக்கே வந்துவிட்டார். கையில் பிடித்திருந்த தொப்பியைக் கசக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சத்தியமா யாரும் காப்பி அடிக்கல சார். நான் சொல்லிக் குடுத்ததாவே வெச்சுக்குவோம். சொல்லிக் குடுக்குறவன் சரியான விடையைச் சொல்லிக் குடுக்க மாட்டேனா?"

"சரியான விடை உங்களுக்கே தெரியாம இருந்திருக்கலாமே" என்றார் இயக்குநர்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த தப்பம்மாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். மாநிலம் முழுக்கத் தேடினாலும் நாலு போட்ட பிள்ளைகள் அங்கொன்று இங்கொன்றுதான். இங்கே மட்டும் வகுப்பு முழுக்க. அதுவும் எந்த விடை? தான் அவசரத்தில் தூக்கிப் போட்ட அந்த அநாதை விடை. "வெள்ளிக்கிழமை நிறம் அறிவிக்கிறதுக்குள்ள நான் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன் சார்" என்று எழுந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் மூன்று அறை. நாலாம் வகுப்பின் ஜன்னலைத் திறந்தால் வேன் கழுவும் தண்ணீர் தெறிக்கும். அதனால் மூடியே வைத்திருந்தார்கள். வெளியே யாரோ ஹாரனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பம்மா பிள்ளைகளின் பெஞ்சிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கேள்வித்தாளை விரித்து, ஒன்றும் தெரியாதவர் போல வேன் கேள்வியை வாசித்தார்.

"நாலு!" என்று வகுப்பே கத்தியது.

"எப்படிப்பா நாலு? முப்பது பேர், பத்துப் பத்துப் பேரா போனா மூணு தடவைதானே?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்சம் சங்கடம் போலும். கடைசியில் முன்பல் விழுந்த ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், அப்ப எங்கப்பாவை எங்க உக்கார வெப்பீங்க?"

"உங்கப்பாவா?"

"அவர்தான் ஓட்டணும். பத்து சீட்டுல ஒண்ணு அவருக்கு. ஒம்பது பேர்தான் ஏற முடியும். மூணு தடவை போனா மூணு பேர் இங்கயே நிப்பாங்க. பாவம்ல?"

"வேன் தானா போகுமா டீச்சர்?" என்று பின்பெஞ்சிலிருந்து இன்னொரு குரல் வந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

தப்பம்மா படத்தில் விரலை வைத்து எண்ணினார். பின்னால் மூன்று, நடுவில் மூன்றும் மூன்றும், முன்னால் ஒன்று. அந்த முன்னால் ஒன்றுக்கு எதிரே வட்டமாக, அழகாக, ஸ்டியரிங். எத்தனை பேர் பார்த்த படம்! வரைந்தவர், சரிபார்த்தவர், அச்சுக் கோத்தவர், இவர், எல்லோரும் படித்தவர்கள். எல்லோரும் பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண்ணை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று பிறகு கணவரிடம் சொல்ல வார்த்தை கிடைக்காமல் திண்டாடினார்.

வாசலில் நின்ற தலைமையாசிரியர் மெல்லக் கேட்டார்: "என்னம்மா, சரியா தப்பா?"

"பிள்ளைங்க சரி சார். தப்பு என்னுது. நான்தான் டிரைவர் இல்லாம வண்டியை விட்டுட்டேன்."

அலுவலகத்துக்குத் திரும்பி இயக்குநரிடம் படத்தைக் காட்டினார். இளைஞர் பாவம், நல்லவர். அவரும் ஒருமுறை இருக்கைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேள்வியை ரத்து பண்ணிடலாம் மேடம், பிரச்சினை இல்ல. ஆனா உங்க கேள்வின்னு எதுக்கு? அச்சுப் பிழைன்னு போட்டுட்டா உங்க பச்சைக்கு ஒண்ணும் ஆகாது."

தப்பம்மாவுக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது உண்மைதான். கதவில் ஆடும் அட்டை கண் முன்னால் வந்து ஆடியது. இந்த வருடம் இல்லாவிட்டால் தலைமைப் பொறுப்பு இனி வரவும் வராது. ஓய்வு பெறும் நாள் பக்கத்தில்தான் இருக்கிறது.

"அச்சுக்காரன் என்ன சார் பாவம் பண்ணான்? அச்சுப் பிழைன்னு போட்டா கேள்வி சரி, பேப்பர்தான் மோசம்னு ஆயிடும். பிள்ளைங்க ஏன் நாலு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாமலே போயிடும். என் பேரையே போடுங்க. ஏன் ரத்துன்னும் ரெண்டு வரி போடுங்க."

வெள்ளிக்கிழமை நிறம் வந்தது. காப்பி என்ற சொல் அழிக்கப்பட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள். "மஞ்சளே போதும்மா, மங்களகரமா இருக்கு!" என்று தலைமையாசிரியர் போனில் கத்தியதை இரண்டு அறை தள்ளி இருந்தவர்களும் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உதவியாளர் ஒருவர் சிவப்பு அட்டையோடு தயங்கித் தயங்கி வந்தார். தப்பம்மாவே வாங்கி மாட்டினார். வழக்கம்போல விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சிவப்பும் நன்றாகத்தான் ஆடியது. மாலையில் அவரை அழைத்துப்போக வந்த கணவர் கதவைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு. இருந்தாலும் உனக்கு எடுப்பா இருக்கு" என்றார்.

"இது பாராட்டா, கிண்டலா, ஆறுதலா?"

"மேற்சொன்ன எதுவும் இல்லை. கிளம்பு."

"ஒரு நிமிஷம்" என்று தப்பம்மா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைத்திருந்த வேன் படத்தை மேஜையில் விரித்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பென்சிலால் ஒரு தலை வரைந்தார், தோள் வரைந்தார், கையைக் கொண்டுபோய் ஸ்டியரிங்கில் சேர்த்தார். கண், மூக்கு, வாய். மூக்குக்குக் கீழே வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்.

"சார், அந்த முன்பல் விழுந்த பொண்ணு வீட்டுக்குப் போயிடுச்சா? வாசல்லதான் நிக்குதா? நல்லதாப் போச்சு. ஒண்ணு கேட்டுச் சொல்லுங்களேன். அவங்கப்பாவுக்கு மீசை உண்டா?"

போனைக் காதில் இடுக்கியபடி, பென்சிலைக் காகிதத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.