கூட்டிச் சொன்ன வருமானம்

1. மேசை மாறியது

வருமானச் சான்றிதழுக்கு வருகிறவர்கள் உள்ளதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். கழுத்துச் சங்கிலியை முந்தானையால் மூடிக்கொண்டு, "வரும்படின்னு ஒண்ணுமே இல்ல மேடம்" என்பார்கள். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை தருவார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார், மண்டலத் துணை வட்டாட்சியர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போடுவேன். மூன்று பேருமே நம்பாத ஒன்றுக்கு மூன்று பேரும் சாட்சி. நிர்வாகம் அப்படித்தான் நடந்தது. இப்போது கணினி வழியாக அதே போல நடக்கிறது.

ஓய்வு பெற்றபின் வீட்டில் கால் தரிக்கவில்லை. ஒரே செய்தித்தாளைக் காலையிலும் மாலையிலும் படித்தேன். கேஸ் சிலிண்டர் புத்தகத்தை லேமினேட் செய்தேன். பழங்காநத்தத்தில் ஒரு மனநல அறக்கட்டளைக்கு வரவேற்பு மேசையில் ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதும் மறுநாளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பக்கம் டெய்லர் கடை, மறுபக்கம் ஜெராக்ஸ் கடை, நடுவில் அறக்கட்டளை நடக்கும் வீடு. கீழே ஹால். மாடியில் ஒரே அறை, அதில் ஒரே கவுன்சிலர், ரெஜினா. என் மகள் வயது. வெளியில் தனியாரிடம் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மாதப் பால் காசைக் கேட்பார்கள். இங்கே மூன்று படி: முழுக் கட்டணம், பாதி, பெயரளவு. முழுக் கட்டணமே வெளியில் இருப்பதைவிடக் குறைவு. வருமானத்தைக் கேட்டு யாருக்கு எந்தப் படி என்று முடிவு செய்வது மேசையின் வேலை. இந்த வேலைக்கு மதுரை மாவட்டத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்று நினைத்தேன்.

முதல் நாள், வாசலில் 'கவுன்சிலிங்' என்ற போர்டைப் பார்த்து, மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழுமாக இன்ஜினியரிங் சீட்டுக்கு வந்த ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் என்னைக் குழப்பினார்கள். பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் ஒரு பெண் வருமானத்தைக் கேட்டதும், "எங்களுக்கு என்ன மேடம் குறைச்சல்?" என்று முழுக் கட்டணத்தை எண்ணி வைத்தாள். மில்லில் கூலிக்குப் போகிறவர் சூப்பர்வைசர் என்று எழுதச் சொன்னார். ஊர் முழுக்க ஒரே ராத்திரியில் பணக்காரராகிவிட்டது போலிருந்தது.

2. முழுசே போடுங்க

முத்துக்கருப்பன் என்று வைத்துக்கொள்ளலாம். பெயரை மாற்றியிருக்கிறேன், மற்றதை அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். பரவை மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டைகளை நகரத்துக் கடைகளுக்கு ஓட்டுகிறவர். சொந்தமாக ஒரு குட்டி யானை, அதாவது சின்ன லோடு வண்டி. ஃபைனான்ஸில் எடுத்தது.

வருமானம் எம்புட்டு என்று கேட்டேன். தாலுகா அலுவலகக் குரல் எனக்கு; அதைத் தாழ்த்தத் தெரியாது. ஹாலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அதெல்லாம் நல்லா வருது மேடம். சொந்த வண்டி."

"பாதிக் கட்டணம்னு ஒண்ணு இருக்கு."

"முழுசே போடுங்க. எங்கப்பன் அடுத்தவன் வயல்ல வேலை பாத்துட்டு, கை நீட்டி வாங்குன ஆளு. நான் நீட்டுறதில்ல."

சொந்த வண்டிக்காரர் பஸ்ஸில் வந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். படிவத்தில் இல்லாத கேள்வி. விசாரித்துப் பழகிய வாய். அவர் மேசைக்கு மேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். காளவாசல் மேம்பாலத்தில் வண்டி ஏறியதும் நெஞ்சு அடைக்கிறதாம். கை நடுங்கி, கண் இருட்டி, செத்துப்போய்விடுவோம் என்று தோன்றுகிறதாம். ஒரு நாள் பாலத்து நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் இன்னும் காதுக்குள் கேட்கிறதாம். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் இருதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இங்கே அனுப்பியிருந்தார். இப்போது வண்டியில் ஏறி உட்கார்ந்தாலே அந்த நடுக்கம் வருகிறது.

"வண்டி ஓடலைன்னா ஃபைனான்ஸ்காரன் தூக்கிட்டுப் போயிருவான். அப்புறம் நான் மறுபடி மூட்டைதேன் தூக்கணும்" என்றார்.

மாடிக்கு அனுப்பினேன். இறங்கி வரும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அடுத்த புதன்கிழமையும் வந்தார், அதற்கடுத்த புதனும். ஒவ்வொரு தடவையும் நோட்டுகளை ஹாலுக்குத் தெரியும்படி எண்ணித்தான் வைத்தார். பிறகு வரவில்லை.

3. கத்தரிக்காய்

வராதவருக்கு ஒரு தடவை போன் செய்யலாம் என்பது விதி. செய்தேன். "லோடு ஜாஸ்தி மேடம், அடுத்த வாரம் வாரேன்" என்றார். அடுத்த வாரமும் வரவில்லை. வண்டியில் ஏறவே முடியாதவருக்கு எங்கிருந்து லோடு வந்தது?

புதன்கிழமைகளில் அந்த நேரம் மாடி அறை காலியாகக் கிடக்கும். நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடப்பேன். பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். தாலுகா அலுவலகத்தில் மனுதாரர் வராவிட்டால் 'ஆஜராகவில்லை' என்று எழுதிக் கோப்பை முடித்துவிட்டு டீ குடிக்கப் போவோம். இங்கே கோப்பை முடித்தாலும் ஆள் மனசை விட்டுப் போவதில்லை.

ஒரு நாள் விடிந்ததும் பஸ் ஏறிப் பரவை மார்க்கெட்டுக்குப் போனேன். காய்கறி வாங்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மற்ற வண்டிகள் லோடு ஏற்றிக்கொண்டிருந்தன. ஓரமாக ஒரு குட்டி யானை மட்டும் தார்ப்பாயை இழுத்து மூடி நின்றது. டயரில் காற்று இறங்கியிருந்தது. வண்டி சும்மாதானே நிற்கிறது, வாடகைக்கு வருமா என்று கத்தரிக்காய் விற்றவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "அது ஓடாதும்மா. அந்த அண்ணே இப்ப கமிஷன் கடையில மூட்டை தூக்குது" என்றார்.

வீட்டில் நான் ஒருத்தி. மூன்று கிலோ கத்தரிக்காயோடு திரும்பினேன்.

விஷயத்தைச் சொன்னதும் ரெஜினாவுக்கு முகம் சிவந்தது. வருகிறவர்களைத் தேடிக்கொண்டு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு யாரும் போகக் கூடாது, நாலு பேர் பார்த்தால் அவர் மறுபடி இந்தத் தெருவுக்கே வரமாட்டார் என்றார். ஒத்துக்கொண்டேன். விதி சரியான விதி. பிறகு நான் பாதிக் கட்டணத்தை அவரிடம் எடுத்துச் சொன்னதையும், அவர் மறுத்ததையும், என் பக்கம் குறையில்லை என்பதையும் விளக்கினேன்.

"நீங்க எடுத்துச் சொன்னது சரி மேடம். ஆனா, 'எனக்குக் கொறச்சுப் போடுங்க'ன்னு அவரு வாயால சொல்லணும்ல? அதச் சொல்றதுக்கு அவரு மூட்டையே தூக்கிருவாரு."

தாலுகா அலுவலக வரிசையில் எல்லோரும் சேர்ந்து ஏழையாக நிற்பார்கள். அங்கே வெட்கத்துக்கு இடமில்லை. இங்கே மனசு சரியில்லை என்று வந்து நிற்பதே ஒரு தாழ்வு. அதற்கு மேல் கையில் காசும் இல்லை என்று நாலு பேர் முன்னால் யார் சொல்வார்? அன்று பூரா எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

4. இது என்ன கோயிலா?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன இடத்தில்தான் வழி கிடைத்தது. உண்டியல் முன்னால் யாரும் வருமானம் கேட்பதில்லை. வைர மூக்குத்தி போட்டவளும் வளையல் விற்கிறவளும் ஒரே துளையில்தான் போடுகிறார்கள். யார் எவ்வளவு என்று பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை நடைமுறையை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வருகிறவர் எல்லோருக்கும், விதிவிலக்கு இல்லாமல், ஒரே அளவில் ஒரு கவர். பெயர் எழுதக் கூடாது. முடிந்ததை உள்ளே வைத்து, போகும்போது ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும். வருமானக் கேள்வி படிவத்திலிருந்து நீக்கம்.

அறக்கட்டளைச் செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், இது என்ன கோயிலா? ரசீது இல்லாம வாங்குனா ஆடிட்டர் என்னைத் தொலைச்சிருவாரு."

"அறநிலையத் துறைக்கு ஆடிட் இல்லையா சார்? வாரம் ஒரு தடவை ரெண்டு சாட்சி வச்சுத் திறப்போம். மொத்தத்துக்கும் ஒரே வரவு."

"அப்ப முடி காணிக்கையும் எடுத்துக்குவீங்களா?"

"நீங்க முதல்ல குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றேன். அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார், சோதனை அடிப்படையில் என்று ஒரு குறிப்போடு.

முதல் தடவை திறந்தபோது சில கவர்கள் காலி. சிலவற்றில் முழுக் கட்டணத்துக்கு மேலேயே இருந்தது. ஒன்றில் பணத்தோடு ஒரு துண்டுச் சீட்டு: 'முருகா, என் மாமியாருக்கு நல்ல புத்தி குடு.' அதை எந்தக் கணக்குத் தலைப்பில் கொண்டுவருவது என்று செயலாளர் கேட்டார். மொத்த வரவு பழைய அளவையொட்டித்தான் இருந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முத்துக்கருப்பனுக்கு இன்னொரு போன் செய்ய ரெஜினாவிடம் அனுமதி கேட்டு வாங்கினேன். விதி மாறியிருக்கிறது என்றேன்.

"எம்புட்டு மேடம் இப்ப?"

"எம்புட்டுன்னு ஒண்ணும் இல்ல. கவர்ல வச்சுப் பெட்டில போடணும். பேர் இருக்காது."

"எனக்குன்னு கொறைச்சிருக்கீகளா?"

"இல்ல. கார்ல வர்றவகளுக்கும் அதே கவருதான்."

அந்தப் பக்கம் மூட்டைகள் விழும் சத்தம் கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்டா" என்று அவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "புதன்கிழமை வாரேன்" என்றார்.

5. கேட்டை மறித்த வண்டி

வந்தார். பஸ்ஸில்தான். பல வாரங்கள் பஸ்ஸில்தான் வந்தார். மாடியில் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரியக் கூடாது. கவரில் என்ன வைத்தார் என்பதும் தெரியாது. நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், மேசையில் நான் பேனாவைத் தட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கமாட்டோம்.

இதே மாதிரி மேசையில் இனி உட்காரப் போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். கட்டணத்தைக் குறைப்பது பாதி வேலை. குறைத்துக் கொடுங்கள் என்று ஒருவர் கேட்டு நிற்க வேண்டிய அவசியத்தை எடுத்துவிடுவது மீதி. சலுகை என்று எழுதி வைத்திருந்தால் போதாது; அதை வாங்குகிறவர் தலை நிமிர்ந்து வெளியே போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை வெளியே ஹாரன் சத்தம். "எவன்யா இது, கேட்ட மறிச்சு வண்டியப் போட்டது?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் கத்தினார். எட்டிப் பார்த்தேன். தார்ப்பாய் இல்லாமல் ஒரு குட்டி யானை நின்றது. பின்னால் வெங்காயச் சருகு.

முத்துக்கருப்பன் உள்ளே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குக் கவரை நீட்டியபோது என்னால் அடக்க முடியவில்லை. ஹால் நிறைய ஆட்கள். கேட்டுவிட்டேன், அதே தாலுகா அலுவலகக் குரலில்.

"பாலத்து மேல வந்தீகளா, கீழயா?"

ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"கீழதேன் மேடம். மேல ஏற இன்னும் பயமாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓரமாகப் போட வெளியே போனார்.